கன்னித்தீவும் கஞ்சாமும்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசலில் 'அனைவரும் வருக' என்று நீலப் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருந்த காலத்தில், உள்ளே அலமாரிகள் எல்லாம் பூட்டியிருக்கும். சாவிக்கொத்து நூலகரின் இடுப்பில் தொங்கும். ஆள் உள்ளே வரத் தடையில்லை. புத்தகம் வெளியே வருவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். உறுப்பினராக வேண்டுமென்றால் வைப்புத்தொகை கட்டவேண்டும், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். அப்படிப்பட்டவர் யாரையும் தெரியாதவர்கள் பேப்பர் படித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சட்டப்படி பார்த்தால் அது எல்லாருக்கும் சொந்தமான இடம். சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்காக ஓயாமல் அலைந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக்கினார்கள். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகப் படிப்பு படிப்பவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது விதி. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது நான்காவது. எங்கள் பழைய நூலகர் இந்த நான்காவது விதியில் மகா நிபுணர். புத்தகத்தின் பெயரை நாம் சொல்லி முடிப்பதற்குள் "இல்லை" என்று சொல்லிவிடுவார்.

இருந்தாலும் அந்தப் பேப்பர் மேஜையை நான் குறை சொல்லமாட்டேன். ஓட்டு வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய நீள அறை. நடுவில் ஒரு மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு. காலை எட்டு மணிக்கு தினத்தந்தி வந்ததும் அதைத் தாள் தாளாகப் பிரித்துவிடுவார்கள். முதல் பக்கம் ஒருவர் கையில், சினிமா விளம்பரம் இன்னொருவர் கையில். கன்னித்தீவு வரும் பக்கத்துக்கு மட்டும் வரிசை. 1960-ல் ஆரம்பித்த அந்தப் படக்கதை எப்போது முடியும் என்று அப்போதே பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொண்டே வரிசையில் நிற்பார்கள். அதன் நாயகன் சிந்துபாத்தை நம்பி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் கணிசம். பள்ளிக்கூடம் அந்தப் பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்று இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. தறி ஓட்டும் தேவாங்கச் செட்டியார்கள் வீட்டில் பேசுவது கன்னடம். மளிகைக்கடை நாயுடு கடையில் தமிழ், கல்லாவைக் கூட்டும்போது தெலுங்கு. பழைய பேப்பர் எடைக்கு எடுக்கும் பாய் உருது. எல்லாரும் குனிந்து ஒரே தமிழ்ப் பேப்பரைப் படித்துக்கொண்டிருப்பார்கள். கன்னடத்திலோ தெலுங்கிலோ ஒரு பத்திரிகை கேட்கலாம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, வாங்கிப் போடலாம் என்று நூலக ஆணைக்குழுவுக்கும் தோன்றவில்லை. தாய்மொழியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவது ஊர் வழக்கமாக இருந்தது.

எதிர்ச்சாரியில் டீக்கடை. அங்கே காலனி ஆட்களுக்குத் தனி டம்ளர். ஓலைத் தடுப்பில் செருகியிருக்கும், குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்கவேண்டும். அதே ஆள் ரோட்டைத் தாண்டி நூலகத்துக்குள் வந்தால் தனி பெஞ்சு கிடையாது, தனிப் பேப்பர் கிடையாது. அரசாங்கக் கட்டடம், போர்டு இருக்கிறது, யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லமுடியாது. சொல்லவும் மாட்டார்கள். அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு வீட்டில் வேலை ஞாபகம் வரும். எதிரே இருந்தவருக்கு வெயில் தாங்காது. பெஞ்சு காலியாகும். சிதறிக் கிடந்த தாள்களை எல்லாம் அவர் நிதானமாகப் பொறுக்கி, பக்கவாரியாக அடுக்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். எங்கள் ஊரில் தினத்தந்தியை முழுசாகப் படித்த ஒரே வகுப்பார் அவர்கள்தான். அந்தப் பெஞ்சிலிருந்து ஒருவர் தாசில்தார் ஆனார். மாற்றலாகி வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார். எங்கள் நூலகத்தின் சாதனைகள் என்று ஆண்டுவிழாவில் வாசிக்கும் பட்டியலில் இன்றைக்கும் அவர் இல்லை.

பெண்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மூலையில் 'பெண்கள்' என்று எழுதிய பெஞ்சு ஒன்று. அதன்மேல் பைண்டு பண்ணிய கலைமகள் தொகுப்புகளை அடுக்கியிருந்தார்கள், எப்படியும் யாரும் உட்காரப்போவதில்லை என்பதால். பெண்கள் நூலகத்துக்கு வரவில்லையே தவிர, நூலகம் அவர்களைத் தேடிப் போய்க்கொண்டுதான் இருந்தது. டவுசர் போட்ட பையன்கள் மூலம். அம்மா ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தருவாள்: லட்சுமி, இல்லாவிட்டால் அநுத்தமா, அதுவும் இல்லாவிட்டால் காண்டேகர். நூலகப் பதிவேட்டில் காண்டேகரை விரும்பிப் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவன் என்று என் பேர்தான் ஏறியிருக்கும். அண்டை வீட்டு அக்காக்களின் சீட்டுகளும் என்னிடம் வரும். அந்தப் பதிவேட்டை ஆராய்ச்சி மாணவர் யாராவது பார்த்தால், அறுபதுகளின் கடைசியில் கொங்குநாட்டுச் சிறுவர்கள் குடும்ப நாவல்களில் மூழ்கிக் கிடந்தார்கள் என்று பட்டம் வாங்கிவிடுவார்.

காண்டேகர் மராட்டியர் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் தெரியாது. கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்பு அப்படி. பூட்டிய அந்த அலமாரிகளுக்குள் யார் யாரோ இருந்தார்கள். த.நா.குமாரசாமி கொண்டுவந்த தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதனம்'. சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் 'செம்மீன்'. சித்தலிங்கையா தமிழாக்கிய சிவராம காரந்தின் 'மண்ணும் மனிதரும்'. கொஞ்சம் தள்ளி வந்த வருஷங்களில் சௌரியின் தமிழில் குர்ரதுலைன் ஹைதரின் 'அக்னி நதி', சு.கிருஷ்ணமூர்த்தியின் தமிழில் 'நீலகண்டப் பறவையைத் தேடி'. சாகித்ய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் புண்ணியம் கட்டிக்கொண்டன. மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் கெட்டி அட்டையில் மலிவு விலைக்கு அனுப்பிய ருஷ்ய நாவல்கள் வேறு. கல்கத்தாவை ஒரு தரம்கூடப் பார்க்காத எங்களுக்கு வங்காளத்து வைத்தியர் நாடி பார்க்கும் விதம் தெரியும், கிழக்கு வங்காளத்து ஆற்றில் படகு போகும் திசை தெரியும். ஊரில் வங்காளி என்று ஒரு ஆள் கிடையாது. அலமாரியில் வங்காளம் நிறைய இருந்தது.

பிறகு பனியன் வந்தது. எண்பதுகளில் திருப்பூர் ஏற்றுமதி சூடு பிடித்ததும் எங்கள் ஊரும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. தறி ஓடிய வீடுகளில் தையல் மிஷின் ஓடியது. நானும் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனேன். முதலில் மதுரைப் பக்கமிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் ஆள் வந்தார்கள். அப்புறம் பீகார், ஒடிசா, வங்காளம், அசாம். நூலகம் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. இரும்பு அலமாரிகளில் பூட்டு இல்லை. சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். அதில் வாசகர்களின் டூவீலர்கள் நிற்கின்றன. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றவர்களுக்குப் பிரெய்ல் பிரிவே இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வரை அது இன்னும் நடந்து வந்து சேரவில்லை.

பெண்கள் பெஞ்சு இல்லை. தேவையும் இல்லை, அறை முழுக்கப் பெண்கள். குரூப் நாலு, குரூப் இரண்டு என்று அரசு வேலைத் தேர்வுக்கான தடித்தடியான கைடுகளோடு காலையிலேயே இடம் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் நூலகத்துப் புத்தகம் எதையும் தொடுவதில்லை. மேஜை, மின்விசிறி, கழிப்பறை, வீட்டார் தொந்தரவில்லாத நாலு மணி நேரம், இவை போதும். புத்தகம் எடுக்காத வாசகர்கள் என்று என் வயதுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். என் அம்மாவுக்கு நூலகம் புத்தகம் கொடுத்தது, உட்கார இடம் கொடுக்கவில்லை. இந்தப் பெண்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. புத்தகத்தை அவர்களே கொண்டுவருகிறார்கள். இரண்டில் எது பெரிய விஷயம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் இடம் என்றுதான் சொல்வேன்.

மகன் டொரோண்டோவில் இருக்கிறான். பேரனைப் பார்த்துக்கொள்ள எங்களை அழைத்தபோது ஸ்கார்பரோவில் தங்கினோம். டொரோண்டோ நகரத்தில் நூறு கிளை நூலகங்கள். நகரத்தில் குடியிருந்தாலும் சரி, வேலை பார்த்தாலும் சரி, படித்தாலும் சரி, அட்டை இலவசம். தாமதக் கட்டணத்தையே 2022-ல் ஒழித்துவிட்டார்கள். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வீடு, வேலை, பள்ளிக்கூடம் பற்றி வழி சொல்ல நூலகத்துக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் போன கிளையில் சீனம், உருது, குஜராத்தி என்று வரிசையாக அலமாரிகள், நடுவில் தமிழ். ரமணிசந்திரன் நாவல்கள் அட்டை நைந்து, ஓரம் மடங்கி, நிம்மதியாக இருந்தன. இலக்கியத் தொகுப்புகள் வாங்கிய அன்றைய மெருகோடு இருந்தன. இதில் கனடாவுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. பேரன் என்னை அந்த அலமாரி வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "தாத்தா, உங்க செக்‌ஷன்" என்று விட்டுவிட்டு டிராகன் புத்தகங்கள் இருக்கும் பக்கம் ஓடிவிட்டான்.

அங்கே தினமும் வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பழக்கமானார். இளவயதில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர். 1981 ஜூன் தொடக்கத்தில் ஒரே இரவில் அது எரிந்து, 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அவர் அதைப் பற்றி நீட்டிப் பேசவில்லை. தமிழ் அலமாரியைக் காட்டி, "அங்கை எரிச்சாங்கள். இஞ்சை அடுக்கி வச்சிருக்கினம்" என்றார். பிறகு என் ஊரைப் பற்றி விசாரித்தார். "உங்கட ஊரிலையும் வெளிநாட்டுச் சனம் வேலைக்கு வருகினமோ?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் இல்லை, வெளிமாநிலத்துக்காரர்கள் நிறைய என்றேன். "அவையளுக்கும் இப்பிடி இருக்குமென்ன?" என்றார். நான் பேரனைத் தேடுவதுபோல எழுந்துவிட்டேன்.

தமிழ் அலமாரியைப் படமெடுத்து எங்கள் வாசகர் வட்டத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். கைகூப்பல்கள் குவிந்தன. 'கனடா மண்ணில் தமிழ்' என்று ஒருவர். 'இதல்லவா நாகரிக நாடு' என்று இன்னொருவர். வந்தேறிகளுக்காகக் கனடாக்காரன் வரிப்பணத்தை ஏன் செலவழிக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நூலகத்தை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை ஞாயிறு, நூலகத்துக்கு வெள்ளி. யாரும் திட்டமிடாமல் அமைந்த பொருத்தம். ஞாயிறன்று வெளிமாநிலத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேராக வருகிறார்கள். ஆங்கிலப் பேப்பரில் கிரிக்கெட் பக்கத்துப் படத்தைப் பார்க்கிறார்கள். சுவரோரம் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு வீட்டில் வேலை ஞாபகம் வருகிறது.

அவர்களில் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். தையலில் மூன்று வருஷம் ஆகிறதாம். கேட்கும்படியாகத் தமிழ் பேசினான். "ஒடியா பேப்பர் இல்லீங்களாண்ணா?" என்று அவன்தான் கேட்டான், கொங்குத் தமிழில். நூலகரிடம் போனேன். பொறுப்பான பெண்.

"அந்த இந்திக்காரப் பசங்களுக்கா சார்? நான் என்னங்க பண்றது, புக்கெல்லாம் சென்னையில செலக்ட் ஆகி வருதுங்க. பேப்பர் மாவட்டத்துல முடிவு பண்றாங்க. மெம்பர் ஆக்கலாம்னா லோக்கல் அட்ரஸ் ப்ரூஃப் வேணும். கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கறவங்க எங்க போவாங்க?"

"அவன் இந்திக்காரன் இல்லீங்க, ஒடியா."

"எல்லாம் ஒண்ணுதானுங்க சார்."

ஒன்றுதானா? இந்தியாவில் மொழியின் பேரால் பிரித்துக் கொடுக்கப்பட்ட முதல் மாகாணம் ஒடிசா. 1936 ஏப்ரல் முதல் தேதி. நாம் மாநிலம் பிரித்து, 'தமிழ்நாடு' என்று பேர் வைக்கப் போராடி, அது கைகூடியதற்கெல்லாம் முந்திய கதை. பையனுக்குச் சொந்த ஊர் கஞ்சாம் மாவட்டம். அந்த 1936 வரை கஞ்சாம் இருந்தது சென்னை மாகாணத்தில். எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தை 1896-ல் திறந்தபோது இவனுடைய பாட்டனாருக்குப் பாட்டனாரும் என்னுடையவரும் ஒரே கவர்னரின் குடிகள். அவர்கள் மொழியில் கோபபந்து தாஸ் 1919-ல் தொடங்கிய 'சமாஜ' இன்றும் வருகிறது. இதையெல்லாம் மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்களின் நாட்டில் உட்கார்ந்துகொண்டு விளக்கவேண்டியிருக்கிறது.

வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். சண்டை வராத குறை. "அறுபத்தஞ்சுல இந்திய எதுத்து ஜெயிலுக்குப் போன ஊருங்க இது. நூலகத்துக்குள்ள நாமளே கொண்டாந்து வைக்கறதா?" என்றார் செயலாளர். ஜெயிலுக்குப் போனவர்களில் என் பெரியப்பா மகனும் உண்டு. மத்திய அரசு சட்டம் போட்டு நம் பிள்ளைகள் தலையில் ஒரு மொழியை ஏற்றுவதை எதிர்ப்பது ஒன்று. ஆறு நாள் பனியன் தைத்துவிட்டு ஏழாம் நாள் ஒரு பையன் தன் மொழியில் ஊர்ச் செய்தி படிப்பதைத் தடுப்பது வேறொன்று. முதலாவது சுயமரியாதை. இரண்டாவதற்கு என்ன பேர் என்று செயலாளரிடமே கேட்டேன். அவர் டீ சொல்லிவிட்டார்.

இன்னொரு நண்பர் நியாயமாகக் கேட்டார்: "போன்லயே எல்லாம் வருது, பேப்பர் எதுக்குங்க?" ஸ்கார்பரோவிலும் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அங்கே தமிழ் அலமாரி எதற்கு என்று இவர் கேட்கவில்லை; கைகூப்பித்தான் அனுப்பினார். அலமாரியில் தன் எழுத்தைப் பார்ப்பவன் அந்த நாற்காலியில் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவான். அடுத்த வாரம் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிவருவான். அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறது. நாலு வருஷத்தில் கன்னித்தீவுக்கு வரிசையில் நிற்கும். கதை அப்போதும் முடிந்திருக்காது.

பணம்தான் பிரச்சினை என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். தமிழ்நாட்டில் நூலகங்கள் ஓடுவது சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியில். சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. எங்கள் ஊரில் புதிதாக எழும்பிய லைன் வீடுகள் எல்லாம் யாரை நம்பிக் கட்டியவை? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரைப் படுக்கவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கி, அதிலிருந்துதான் வீட்டுக்காரர் வரி கட்டுகிறார். கஞ்சாம் பையன் வருஷா வருஷம் எங்கள் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறான். ரசீது மட்டும் வேறு பேரில் வருகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய தினத்தந்தியை நான் தினமும் இலவசமாகப் படிக்கிறேன்.

மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். கேட்டது மூன்றே விஷயம். ஞாயிற்றுக்கிழமைக்காவது ஒடியாவிலும் வங்காளத்திலும் இந்தியிலும் ஒவ்வொரு பத்திரிகை, பழைய தேதியில் வந்தாலும் பரவாயில்லை. குழந்தைகளுக்குத் தமிழும் அவர்கள் மொழியும் சேர்ந்த படப் புத்தகங்கள் கொஞ்சம். வேலை பார்க்கும் கம்பெனியின் கடிதத்தையே முகவரிச் சான்றாக ஏற்றுக்கொண்டு உறுப்பினர் அட்டை. செயலாளர் கையெழுத்துப் போடவில்லை. குரூப் நாலுக்குப் படிக்கும் பெண்கள் மேஜை மேஜையாக வாங்கிப் போட்டார்கள்.

உங்கள் ஊர் நூலகத்திலும் வாசகர் கருத்துப் பதிவேடு ஒன்று நூலால் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். கனடாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் அலமாரியைப் பார்த்துப் பூரித்தவர்கள் அதில் இதேபோல ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.